நெட்டையான சாரதிக்குச் சட்டகம் அளத்தல்

1957 இல் வந்த லோட்டஸ் செவன் பாணிக் காரை, ரொன் சாம்பியனின் 1996 ஆம் ஆண்டு நூலைப் பார்த்துப் பிரித்தானியாவில் பலர் வீட்டிலேயே கட்டினார்கள். நெட்டையானவர்களுக்கு அந்த நூலின் அளவு போதவில்லை. நீளத்திலும் அகலத்திலும் 4 அங்குலம், உயரத்தில் 2 அங்குலம் கூட்டிய வரைபடமும் பின்னர் வந்தது.

உயரத்தை மட்டும் கேட்டுக் குழாய் வெட்டுவதை நான் ஏற்பதில்லை. ஆறடிக்காரர் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். இருக்கையைத் தரையில் வைத்து, சப்பாத்தும் தலைக்கவசமும் போட்டு அமர்ந்து அளவெடுங்கள். கிளச்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும், காலைத் தூக்கும்போது ஸ்டியரிங்கில் முட்டவும் கூடாது. முதுகு நீளமானவருக்குத் தரைத்தகட்டை இறக்கலாம். வீதித் திட்டுகளில் அடி உரசும். கவிழ்ந்தால் தலையைக் காப்பது பின்னாலுள்ள வளைகுழாய். தலைக்கவசத்தின் உச்சி அதைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும்.