கொரியப் போரில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு

60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்பது 1950 முதல் 1954 வரை கொரியாவில் ஐக்கிய நாடுகள் படைகளுடன் பணியாற்றிய இந்தியத் தரைப்படைப் பிரிவு ஆகும். தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் இதற்குத் தலைமை தாங்கினார்.

பின்னணி

1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படைகள் தென்கொரியாவுக்குள் நுழைந்தன. ஐ.நா.வின் அழைப்பை ஏற்று 16 நாடுகள் போர்ப்படைகளை அனுப்பின. மிகச் சிறிய நாடான லக்சம்பர்க்கும் நூற்றுக்கும் குறைவான தன்னார்வ வீரர்களை பெல்ஜியப் படையுடன் அனுப்பியது. இந்தியா படையெடுப்பைக் கண்டித்தாலும் எந்த வல்லரசு அணியிலும் சேர விரும்பவில்லை. எனவே நேரு அரசு போர்ப்படைக்குப் பதிலாக மருத்துவப் பிரிவை அனுப்பியது. டென்மார்க், நார்வே, சுவீடன், இத்தாலி ஆகிய நாடுகளும் மருத்துவ உதவியே அளித்தன.

களப்பணி

300க்கும் மேற்பட்டோர் கொண்ட இப்பிரிவு 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. சில நாட்களிலேயே சீனப் படைகளின் தாக்குதலால் ஐ.நா. படைகள் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கின. மருத்துவக் கருவிகளை ஏற்றிச் செல்ல வாகனங்கள் போதவில்லை. கருவிகளைக் கைவிட மனமில்லாத இந்திய வீரர்கள் அங்கிருந்த ரயிலொன்றில் அவற்றை ஏற்றி, நீராவி எஞ்சினைத் தாங்களே இயக்கித் தெற்கே கொண்டு வந்தனர்.

பின்னர் பிரிவு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி போர்முனையில் பிரிட்டிஷ் காமன்வெல்த் படையணியுடன் இருந்தது; மற்றொன்று தேகு நகரில் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளித்தது. 1951 மார்ச் 23 அன்று முன்சான்-நி பகுதியில் அமெரிக்க வான்குடைப் படை குதித்தபோது, ரங்கராஜ் உட்பட 12 இந்தியர்களும் உடன் குதித்து, காயமடைந்தோருக்குக் களத்திலேயே சிகிச்சை அளித்தனர். இந்திய இராணுவத்தில் வான்குடையில் முதன்முதலில் குதித்த இந்தியர் என்ற பெருமை அவருக்கு ஏற்கெனவே இருந்தது. கொரியப் பணிக்காக அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

போர்நிறுத்தமும் பின்விளைவும்

1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் ஏற்பட்டது. தாயகம் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை யாரிடம் ஒப்படைப்பது என்பது பெரும் சிக்கலாக இருந்தது. ஐந்து நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைவரானார். கைதிகளைக் காக்கும் பொறுப்பை இந்தியப் படையே ஏற்றது. போரில் எத்தரப்பையும் எதிர்த்து ஆயுதம் ஏந்தாத நாடாக இந்தியா இருந்ததாலேயே இரு தரப்பும் இதற்கு உடன்பட முடிந்தது. மருத்துவர்களை மட்டும் அனுப்பிய 1950ஆம் ஆண்டு முடிவின் அரசியல் பயன் இதுவே.

மருத்துவப் பிரிவு 1954 பிப்ரவரியில் நாடு திரும்பியது. ரங்கராஜ் பிற்காலத்தில் ஆப்கானிஸ்தானில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில் பணியாற்றினார்.