சூரியனை வடிகட்டிய கோடைக்கானல்

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் 'பில்டர்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அடுக்களையில் அதிகாலையில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருக்கும் பாத்திரமே அது. தில்லி ஜனக்புரியில் உள்ள என் இல்லமும் இதற்கு விலக்கன்று. ஆனால் அண்மையில் பக்கத்து வீட்டு இளைஞன் தன் காமிராவை எடுத்து வந்து, "மாமா, இது மேக்னெடிக் பில்டர். தமிழில் இதை எப்படிச் சொல்வது?" என்று கேட்டான். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்டவன் ஆதலால், சற்றும் தயங்காமல் "காந்த வடிகட்டி" என்றேன். "அப்படியானால் காந்தமா ஒளியை வடிகட்டுகிறது?" என்று அவன் உடனே மடக்கினான். சொல்லைப் பெயர்த்தேனே தவிரப் பொருளைப் பெயர்க்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

உண்மை யாதெனில், அக்கருவியில் காந்தம் ஒளியை ஒன்றும் செய்வதில்லை. நிறக் கண்ணாடியை லென்ஸின் முகப்பில் மரை கொண்டு திருகி மாட்டுவதே நெடுங்கால வழக்கம். 1980களில் தோன்றிய வலிமை மிக்க நியோடிமியக் காந்தங்களை வளையத்தில் பதித்த பின்னர், திருகாமலே கண்ணாடியை ஒட்டவும் எடுக்கவும் முடிகிறது. காந்தம் பிடிக்கிறது, கண்ணாடி வடிகட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

எனினும் அவனுடைய கேள்வி வீண் கேள்வி அன்று. ஒளியை வடிகட்டிப் படம் பிடிக்கும் கலையும் காந்த சக்தியும் மெய்யாகவே சந்தித்த ஒரு சரித்திரம் உண்டு. அதன் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் கோடைக்கானல் மலையில் எழுதப்பட்டது.

அந்தச் சரித்திரம் பசியில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி அரசாங்கத்தையும் அறிஞரையும் உலுக்கிற்று. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைவது அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. அந்தச் சுழற்சியோடு மழையும் கூடிக் குறைகிறது என்று 1877ஆம் ஆண்டிலேயே நார்மன் லாக்கியரும் டபிள்யூ. டபிள்யூ. ஹன்டரும் எழுதினர். சூரியனை நாள்தோறும் கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அதன் பயனாகச் சார்லஸ் மிக்கி ஸ்மித் என்பார் தேர்ந்த இடத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், 1899ஆம் ஆண்டு கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம் தன் பணியைத் தொடங்கிற்று.

1904ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்த ஒரு கருவிதான் நம் கதையின் நாயகம். ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப் என்பது அதன் பெயர். சூரியனின் பிம்பம் முதலில் ஒரு மெல்லிய பிளவின்மேல் விழும். பிளவின் வழியே புகுந்த ஒளி வானவில்லைப் போல் நிறம் நிறமாகப் பிரியும். அப்பால் உள்ள இரண்டாவது பிளவு, அந்த நிறங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்து புகைப்படத் தகட்டின்மேல் விடும். பிம்பத்தின் குறுக்கே பிளவு மெல்ல நகர, வரி வரியாக முழுச் சூரியனும் ஒரே நிறத்தில் தகட்டில் பதியும். காமிராவின் நிறக் கண்ணாடி செய்யும் வேலையையே இது மிக நுட்பமாகச் செய்கிறது எனலாம். கோடைக்கானலில் தேர்ந்தெடுத்த நிறம், கால்சியம் ஆவி உமிழும் ஊதா ஒளி. அதன் அலைநீளம் 393.4 நானோமீட்டர். பின்னர் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும் படங்கள் எடுக்கலாயினர்.

காந்தம் இக்கதையில் நுழைந்தது 1908ஆம் ஆண்டில். காந்தப் புலத்தில் வைத்த சுடரின் நிறக்கோடுகள் அகன்று பிரிகின்றன என்று ஹாலந்து நாட்டு அறிஞர் ஸீமான் 1896இல் கண்டிருந்தார். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் நிலையத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல், ஒளியின் அதிர்வுத் திசையைப் பகுத்துக் காட்டும் பட்டகங்களைக் கருவியின் பிளவுக்கு முன்னே வைத்துக் கரும்புள்ளியின் ஒளியைச் சோதித்தார். இன்று வானத்தின் நீலத்தை ஆழமாக்கப் புகைப்படக்காரர்கள் மாட்டும் போலரைஸர் கண்ணாடியும் அதே தத்துவத்தைச் சேர்ந்ததே. கரும்புள்ளி என்பது ஒரு மாபெரும் காந்தம் என்ற செய்தி அன்று வெளிப்பட்டது. அதன் வலிமை பூமியின் காந்தத்தைப் போல் பல ஆயிரம் மடங்கு.

கரும்புள்ளி ஒரு சுழற்காற்று என்று ஹேல் கருதினார். கோடைக்கானலில் பணியாற்றிய ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரி 5ஆம் நாள் எடுத்த நிறமாலைப் படங்கள் வேறொன்றைக் காட்டின. வாயு சுழலவில்லை, புள்ளியின் மையத்திலிருந்து வெளிப்புறமாக விரைந்து பாய்ந்துகொண்டிருந்தது. இது இன்றும் உலகெங்கும் 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்கப்படுகிறது.

ஆனால் மழையின் கேள்வி என்னவாயிற்று? இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்து, பருவமழையை முன்னறிவிக்கும் அளவுக்குக் கரும்புள்ளிகளோடு அதற்குத் தொடர்பு இல்லை என்று கண்டார். மழையின் போக்கோடு உறவுடைய பசிபிக் கடற்பகுதிக் காற்றழுத்த ஊசலாட்டத்தை அவரே பின்னர் எடுத்துக் காட்டினார். எந்த நம்பிக்கையில் கோடைக்கானல் நிலையம் எழுந்ததோ, அந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

பலிக்கவில்லை என்று நிலையத்தை மூடியிருந்தால் நமக்கு நேர்ந்திருக்கும் நஷ்டம் பெரிது. மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துத் தகட்டில் தேதி குறித்து அலமாரியில் வைக்கும் வேலை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. சூரியனின் காந்தப் புலத்தை நேரே படமாக்கும் கருவியை அமெரிக்காவில் பாப்காக் என்ற தந்தையும் மகனும் 1950களின் தொடக்கத்தில்தான் அமைத்தனர். அதற்கு முந்திய காலத்துக் காந்தச் சரித்திரத்தை எங்கே தேடுவது? காந்தப் புலம் வலுத்த இடங்களில் கால்சியத்தின் ஊதா ஒளி பிரகாசிக்கிறது என்று இன்று அறிவோம். ஆகவே கோடைக்கானலின் பழைய தகடுகள், எடுத்தவர்களே அறியாத வகையில், சூரியனின் காந்தக் குறிப்பேடுகளாக விளங்குகின்றன. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றைக் கணினியில் ஏற்றிக் காத்து வருகிறது.

இதனால் பயன் என்ன என்று கேட்கலாம். 1989 மார்ச் மாதத்தில் சூரியனிலிருந்து எழுந்த காந்தப் புயலொன்று கனடாவின் க்யூபெக் மாநிலத்தை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்திற்று. சிற்றலை வானொலியில் ஊர்ச் செய்தியைக் கேட்க முயன்று, சில நாட்களில் வெறும் இரைச்சலையே கேட்ட அனுபவம் வெளியூர்வாசிகளாகிய நம்மில் மூத்தோர் பலருக்கு உண்டு. அந்த இரைச்சலுக்குச் சில வேளைகளில் சூரியனும் காரணமாயிருந்தது. அத்தகைய புயல்களின் போக்கை அறிய நீண்ட காலப் பதிவுகளே துணை. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் இந்தியா ஏவிய ஆதித்யா எல்1 விண்கலத்தில், பதினொரு வடிகட்டிகள் கொண்ட ஒரு காமிராவும், காந்தப் புலத்தை அளக்கும் கருவியும் ஒருங்கே இடம்பெற்றிருக்கின்றன. அத்திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி.

இவ்வளவையும் அந்த இளைஞனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை காப்பி வந்துவிட்டது. அவனுடைய கருவிக்கு 'காந்தப்பிடி வடிகட்டி' என்று பெயரைத் திருத்திக் கொடுத்தேன். கோடை விடுமுறையில் குழந்தைகளோடு ஊருக்குச் செல்லும் அன்பர்கள், கோடைக்கானலில் ஏரியையும் தூண் பாறையையும் பார்ப்பதோடு நில்லாமல், மலைமேல் உள்ள அந்த ஆராய்ச்சி நிலையத்தையும் ஒரு முறை காட்டி வருவார்களாக. பஞ்சத்தில் மடிந்த மக்களை நினைத்துத் தொடங்கிய வேலை அது என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நலம்.