இளைப்பாறும் வேளை

உழைப்பின் வரலாற்றை எழுதுவோர் ஊதியத்தையும் வேலைநிறுத்தத்தையும் விரிவாக எழுதுவர். உழைப்பின் நடுவே கிடைக்கும் சிறிது நேர ஓய்வையும், அவ்வேளையில் அருந்தும் ஒரு குவளைத் தேநீரையும் பற்றி அதிகம் எழுதுவதில்லை. ஆனால் அந்த ஓய்வு தானாக வந்ததன்று, கேட்டுப் பெறப்பட்டது.

1911ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், நூற்பு நெசவு ஆலைகளில் ஆண் தொழிலாளர் நாளொன்றுக்கு 12 மணி நேரம் உழைக்க இடமளித்தது. இடையே கட்டாயமாக்கிய ஓய்வோ அரை மணிதான். அதற்குள் கை கழுவி, உண்டு, மீண்டும் பொறியின் முன் நிற்க வேண்டும். பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தோரின் குறைகளுள் நண்பகல் இடைவேளை போதாமையும் ஒன்று. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதன் குரலாயினர். பின்னர் 1948ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து மணி நேர உழைப்புக்குள் அரை மணியேனும் ஓய்வு தரப்பட வேண்டும் என்று விதித்தது.

தேநீர் இவ்விடைவேளைக்குள் புகுந்தது வணிகத்தின் வழியாக. 1903இல் தேயிலை ஏற்றுமதி மீது தீர்வை விதிக்கப்பட்டு, அப்பணத்தில் தேநீருக்கு விளம்பரம் செய்யப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தேநீர்க் கடைகள் திறக்கப்பட்டன. அதே காலத்தில், இங்கிலாந்தில் 1915இல் அமைக்கப்பட்ட போர்த்தளவாடத் தொழிலாளர் நலக்குழு, நெடுநேர உழைப்பு உற்பத்தியைப் பெருக்குவதில்லை என்று கண்டது. விற்பனை, உற்பத்தி என்னும் இரு நோக்கங்களும் உழைப்பவனுக்கு ஓரளவு நன்மை செய்தன.

ஆயினும் இவற்றை மட்டும் அடிப்படையாகக் கொள்ளலாகாது. உற்பத்தி பெருகுவதால்தான் ஓய்வு நல்லது என்போமாயின், பெருகாத நாளில் அதனைப் பறிக்கவும் நியாயம் கிடைத்துவிடும். திருச்சபையின் போதனை இதனினும் ஆழமானது. 1891இல் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர், உடலும் உள்ளமும் சோர்ந்து மழுங்கும் அளவுக்கு மனிதரிடம் வேலை வாங்குவது நீதியன்று என்று கற்பித்தார். மனிதன் பொறியல்லன், கடவுளின் சாயல். இணைச்சட்ட நூலின் ஓய்வுநாள் கட்டளையும் வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. அடிமையும் பணிப்பெண்ணும் அவனைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. நம் ஆண்டவரும் பயணக் களைப்பால் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்தார், தண்ணீர் கேட்டார். அந்த ஓய்வு வேளையே சமாரியப் பெண்ணுக்கு மீட்பின் வேளையாயிற்று. உழைப்பு நிற்கும்போதுதான் உடனிருப்பவரின் முகம் நமக்குத் தெரிகிறது.

துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிவோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் சட்டத்திருத்தம் வந்தது 2021இல்தான். சட்டம் எட்டாத இடங்கள் இன்னும் உள்ளன. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண், ஆலயத் திருவிழாவுக்குப் பந்தலிடும் தொழிலாளி, மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தாய் ஆகியோர் உட்காரும் வேளை எது? நமக்குத் தேநீர் கொண்டுவந்து தருபவர் தாம் அருந்தினாரா என்று கேட்பதிலிருந்து நம் நீதி தொடங்கட்டும்.