மேலே பங்களா, கீழே லயம்

ஏப்ரல் மாதம் வந்தால் நுவரெலியாவில் 'சீசன்' தொடங்கிவிடும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கொழும்பு வெயிலைத் தாங்கமுடியாத குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு மலையேறுவார்கள். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு. இரவில் தங்குவதற்கு வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா விடுதி. அங்கே கணப்பில் விறகு எரியும், படுக்கைக்குள் வெந்நீர்ப் பை இருக்கும், காலையில் புல்வெளியில் பிள்ளைகள் ஓடி விளையாடலாம். 'உங்கள் சொந்த வீட்டில் இருப்பதுபோல இருக்கும்' என்பதுதான் இந்த விடுதிகளின் விளம்பரம்.

சரி, அது முதலில் யாருடைய வீடு? அதை யாருக்காகக் கட்டினார்கள்? அந்த வீட்டின் சுகத்துக்கு உழைத்தவர்கள் எந்த வீட்டில் தூங்கினார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் மலையகத்தின் 200 வருட வரலாறே வந்துவிடுகிறது.

ஆளுநரின் ஓய்வு வீடு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. 1819இல் ஜோன் டேவி என்ற ஆங்கில மருத்துவர் இந்தச் சமவெளிக்கு வந்து, இதைப் பற்றி எழுதினார். ஆனால் இந்த இடத்தை ஊராக்கியவர் 1824 முதல் 1831 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ். வெப்பத்திலும் காய்ச்சலிலும் வாடிய பிரித்தானியப் படையினர் உடல் தேறுவதற்கு 1829இல் இங்கே ஓர் ஆரோக்கிய நிலையம் அமைத்தார். தனக்கும் ஒரு பெரிய ஓய்வு வீடு கட்டிக்கொண்டார். அதன் பெயர் பார்ன்ஸ் ஹால்.

பார்ன்ஸைப் பாடப்புத்தகங்கள் 'வீதி அமைத்த ஆளுநர்' என்று சொல்லும். கொழும்பு - கண்டி வீதி அவர் காலத்தில் போடப்பட்டதுதான். ஆனால் அந்த வீதி வேலைகளுக்கு ஆள் எப்படிக் கிடைத்தது? கண்டி மன்னர் காலத்திலிருந்து வந்த 'ராஜகாரிய' முறையைப் பயன்படுத்தி, சிங்களக் கிராமத்தவரைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். 1832இல் தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

அடுத்து வந்தவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் ஆப்பிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப்போனவர் இவர்தான். இலங்கையில் வேட்டையாடிக் காய்ச்சலில் விழுந்தவர், நுவரெலியாவில் உடல் தேறினார். ஊர் பிடித்துப்போகவே, 1848இல் குடும்பத்தோடும் வேலையாட்களோடும் திரும்பி வந்தார். மாடு, ஆடு, வேட்டை நாய் எல்லாம் கப்பலில் வந்தன. இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை அப்படியே மலைமேல் வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. சில வருடங்களில் அவர் போய்விட்டார். ஆனால் அந்த ஆசை ஊரிலேயே தங்கிவிட்டது. நுவரெலியாவை இன்றும் 'குட்டி இங்கிலாந்து' என்றுதானே சொல்கிறார்கள்!

பார்ன்ஸ் ஹால் பல கை மாறி, 1890களின் தொடக்கத்தில் கிராண்ட் ஹோட்டல் ஆனது. ஆளுநரின் வீடு, காசு கொடுக்கும் எவரும் தங்கும் வீடானது. ஆனால் அந்த 'எவரும்' என்பதற்குள் யார் யார் வந்தார்கள் என்பது வேறு விஷயம். பக்கத்திலேயே 1876இல் தொடங்கப்பட்ட ஹில் கிளப், நெடுங்காலம் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

கோப்பிக்கு ஆள், தேயிலைக்குக் குடும்பம்

இந்த வீடுகளுக்குப் பணம் வந்தது தோட்டங்களிலிருந்து. முதலில் கோப்பி. அது பருவகாலப் பயிர். காய் பறிக்கும் மாதங்களுக்கு மட்டும் ஆள் வேண்டும். தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த கூலிகள் பெரும்பாலும் ஆண்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியிலேயே வாந்திபேதியிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. கொஞ்ச வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு 2 வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தோட்டக்காரர்கள் எல்லோரும் தேயிலைக்கு மாறினார்கள்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுவதும் கொழுந்து துளிர்க்கும், சில நாட்களுக்கு ஒருமுறை பறித்தே ஆகவேண்டும். எனவே வந்துபோகும் ஆண்கள் போதாது. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும், நாளைக்கு வேலைக்கு வரப் பிள்ளைகள் வேண்டும். அதாவது, தேயிலைக்கு முழுக் குடும்பமும் தேவைப்பட்டது. தோட்டமே குடும்பத்தை வரவழைத்தது. ஆனால் குடும்பத்துக்கு ஏற்ற வீட்டைக் கட்டவில்லை.

துரை வீடும் தொழிலாளி வீடும்

எந்தப் பழைய தோட்டத்துக்குப் போனாலும் ஒரே அமைப்புதான். காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் துரையின் பங்களா. கொஞ்சம் தள்ளி சின்னத்துரை பங்களா. அதற்குக் கீழே கணக்கப்பிள்ளை போன்ற உத்தியோகத்தர்களின் வீடுகள். எல்லாவற்றுக்கும் கீழே, சரிவிலும் ஓடைக்கரையிலும் லயங்கள். யார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பதை வைத்தே சம்பளத்தைச் சொல்லிவிடலாம்!

1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கப்பல் பயணம் சுருங்கியது. வெள்ளைக்காரப் பெண்கள் அதிகம் வரத் தொடங்கினார்கள். தனியாளாக இருந்த துரைகளின் பங்களாக்கள் குடும்ப வீடுகளாயின. ரோஜாத் தோட்டம், பியானோ, தேநீர் நேரம், அப்பு என்று அழைக்கப்பட்ட சமையற்காரர், பிள்ளைகளுக்கு ஆயா. இன்று பங்களா விடுதிகள் விற்பது இந்த வாழ்க்கையைத்தான்.

'லைன்' என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்டத் தமிழில் 'லயம்' ஆனது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பெரும்பாலும் 12 அடிக்கு 10 அடி. முன்னால் சின்னதாக ஓர் இஸ்தோப்பு. சில லயங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை இருக்கும். பின்பக்கம் ஜன்னலே இருக்காது. சமையல், தூக்கம், பிரசவம், சாவு எல்லாம் அந்த ஒரே அறையில். மகனுக்குக் கல்யாணமானால் நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்துக்கொள்வார்கள்.

லயத்துப் பிள்ளைகளுக்கும் தோட்டம் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. அதன் பெயர் 'பிள்ளைக் காம்பரா'. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் தாய்மார் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். தாயின் கைகள் கொழுந்துக்குத் தேவைப்பட்டதால் வந்த ஏற்பாடு அது. மேலே பங்களாவில் துரையின் பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆயாவின் சொந்தப் பிள்ளை எங்கே வளர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

வீடும் இல்லை, நாடும் இல்லை

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே, 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கடைசி நாடற்றவருக்கும் வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

இதற்கிடையில் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. துரைமார் மாறினார்கள், பங்களா இருந்தது. தொழிலாளர்களின் தலைமுறைகள் மாறின, லயமும் இருந்தது.

பங்களா விடுதியான கதை

1996இல் கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக மாற்றித் திறந்தார்கள். கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகள் ஆயின. 2005இல் ஹட்டன், பொகவந்தலாவ பக்கம் காசல்ரீ, நோர்வூட், சமர்வில், டியென்சின் என்ற 4 துரை பங்களாக்கள் 'டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் விடுதிகளாயின. பழைய பெயர், பழைய புல்வெளி, பழைய மேசை நாற்காலி.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. இடிந்து போயிருக்க வேண்டிய கட்டிடங்கள் பிழைத்தன. ஒரு காலத்தில் பின்வாசலால் மட்டுமே உள்ளே போக முடிந்த இடத்துக்கு இன்று தமிழ்க் குடும்பங்களும் முன்வாசலால் போய்த் தங்குகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு விடுதி வேலை, கொழுந்துக் கூடையிலிருந்து ஒரு விடுதலை.

ஆனால் பங்களாவைப் புதுப்பிக்க 150 வருட வரலாறு காரணமாக இருந்தது. அதே 150 வருட வரலாறு லயத்தைப் புதுப்பிக்கக் காரணமாகவில்லை. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு வந்து, 10,000 வீடுகள் கட்டித் தருவதாக ஒரு கூட்டத்தில் அறிவித்தார். அந்தக் கூட்டம் நடந்தது நோர்வூட்டில். மேலே சொன்ன 4 விடுதிகளில் ஒன்றின் பெயரும் அதுதான். அந்தக் காலத்தில் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்கு 7 பேர்ச் காணி என்பது கணக்காக இருந்தது. கிடைத்த குடும்பங்கள் கொஞ்சம். இன்னும் பெரும்பாலானோர் லயத்தில்தான் இருக்கிறார்கள்.

மலைக்குப் போகிறவர்கள் போகட்டும், பங்களாவில் தங்கட்டும், பிள்ளைகள் புல்வெளியில் ஓடட்டும். காலையில் மூடுபனி விலகும்போது கீழே வரிசையாகத் தகரக் கூரைகள் தெரியும். 'அப்பா, அது என்ன?' என்று பிள்ளை கேட்கும். 'காட்சி' என்று சொல்லிவிடாமல், 'அதுவும் வீடுதான், இந்த வீட்டைத் தாங்கிய வீடு' என்று சொல்லிக்கொடுத்தால் போதும். வரலாறு அங்கிருந்து தொடங்கட்டும்.