கையுறையும் கையூட்டும்

பெரியோரைக் காணச் செல்பவன் வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது நம் முன்னோர் கொண்ட வழக்கு. மன்னனைக் காண்போர் ஏந்திச் சென்ற காணிக்கையைப் பழந்தமிழர் 'கையுறை' என்றனர். கண்டி இராச்சியத்திலும் பதவி பெற்றோர் தம் மேலோருக்குத் 'தெக்கும்' என்னும் காணிக்கை செலுத்தினர். அதனை எவரும் குற்றமெனக் கருதவில்லை; கொடாமையே மரியாதைக் குறைவாக எண்ணப்பட்டது. வெற்றிலைச் சுருளோடு தொடங்கிய இவ்வழக்கம் எந்த இடத்தில் குற்றமாகிறது? நமது நாட்டின் சட்டம் இவ்வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறி வந்துள்ளது.

1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை கண்ட விடை குறுகியது. பகிரங்க உத்தியோகத்தர் ஒருவர் தமது கடமை சார்ந்த ஒரு செயலுக்குத் தூண்டுதலாகவோ வெகுமதியாகவோ, சட்டப்படியான வேதனத்துக்குப் புறம்பாக எதனையும் பெறுவது குற்றம். அச்செயல் உண்மையில் நிறைவேற வேண்டுமென்பதில்லை. ஆயினும், பரிசுக்கும் கடமைக்கும் இடையிலுள்ள தொடர்பு காட்டப்படல் வேண்டும். வாங்கியவன் 'அன்பளிப்பு' என்பான். கொடுத்தவனோ, தானும் அகப்படுவான் ஆதலால், வாய் திறவான். இந்த முடிச்சை அவிழ்ப்பது வழக்குத் தொடுப்போருக்கு எளிதாக இருக்கவில்லை.

மற்றொரு குறையும் இருந்தது. இக்கோவை எழுந்த காலத்தில் மக்களால் தெரிவு செய்யப்பட்டு நாடாளும் பிரதிநிதிகள் இங்கு இல்லை. 1931 இல் சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபை தோன்றியது. பத்தாண்டு கழிவதற்குள் அதன் உறுப்பினர் மீதே இலஞ்சக் குற்றச்சாட்டு எழுந்தது. எல். எம். டி. டி சில்வா தலைமையில் நிகழ்ந்த விசாரணையின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. உறுப்பினர் சிலர் இலஞ்சம் பெற்றனர் என்று அது கண்டது. உத்தியோகத்தனை மட்டும் நோக்கியிருந்த சட்டத்தின் கண், வாக்குப் பெற்றவனையும் நோக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

1954 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் அவ்வாறே நோக்கிற்று. பாராளுமன்ற உறுப்பினர் அதனுள் வெளிப்படையாக அடங்கினர். பிறர் காரியத்தைப் பேசுவதற்கு உத்தியோகத்தரைச் சந்திக்கச் சன்மானம் பெறுவதும் அவர்களுக்குக் குற்றமாயிற்று. அரசாங்க உத்தியோகத்தர் மட்டில் சட்டம் இன்னும் ஒருபடி முன் சென்றது: அனுமதியின்றிச் சன்மானம் பெற்றதே குற்றம், எதற்காகப் பெற்றார் என்று ஆராய வேண்டியதில்லை. பின்னர் வந்த திருத்தங்களின்படி, அறியப்பட்ட வருமானத்துக்கு அடங்காத சொத்துக்கு உடையவரே கணக்குக் கூறவேண்டியவரானார். குற்றத்தைச் சாட்டியவரே எண்பிக்க வேண்டும் என்ற பழைய நீதி இங்கே சற்று வளைந்தது. இது சிறிய மாற்றமன்று. இலஞ்சம் இருளில் நிகழ்வது, வேறு வழியில்லை என்பர். எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை.

குற்றத்தை ஒறுக்கும் வேகம் சட்டத்தையே இடறிய கதையும் உண்டு. 1958 இன் திருத்தச் சட்டம் இலஞ்ச வழக்குகளை விசாரிக்கத் தனி நியாயசபைகளை ஏற்படுத்தியது. அவற்றின் அங்கத்தவர்களை நியமித்தவர் மகாதேசாதிபதி. அதுவும் நீதி அமைச்சரின் ஆலோசனைப்படி. ஆனால், நீதித்துறை அலுவலரை நியமிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு நீதிச்சேவை ஆணைக்குழுவிடமே ஒப்படைத்திருந்தது. அரசியல்வாதியின் கை நீதிபதியின் ஆசனத்தைத் தொடாதிருத்தற்கே அவ்வேலி. அதனை மாற்றுவதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சபாநாயகரின் சான்றும் வேண்டும். அச்சான்று இருக்கவில்லை. இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்னும் வழக்கில், நியாயசபை விதித்த தீர்ப்புச் செல்லாதென இலங்கை உயர் நீதிமன்றம் கூறியது. 1964 இல் இலண்டன் கோமறைக் கழகமும் அதனை உறுதி செய்தது. ஊழலை ஒழிக்கப் புகுந்தவர்கள், ஊழலுக்கு எதிரான மிகப் பழைய காவலான சுதந்திர நீதித்துறையைக் கடந்து செல்ல முயன்றனர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

1994 இல் 'ஊழல்' என்பது இலஞ்சத்தினின்றும் வேறான குற்றமாக வகுக்கப்பட்டது. ஒரு சதமும் கைமாறாமலே, அரசுக்கு நட்டம் விளைக்கவோ தனக்கோ பிறனுக்கோ முறையற்ற நன்மை செய்யவோ கருதிப் பதவியைப் பயன்படுத்துவது அதனுள் அடங்கும். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் முந்திய சட்டங்களை நீக்கி அவற்றினிடத்தைப் பெற்றது. தனியார் துறையையும் விளையாட்டுத் துறையையும் தழுவியது. தனது அதிகாரத்தைக் காட்டிப் பாலியல் இணக்கம் கோருவதையும் அது இலஞ்சம் என்று பெயர் கூறி வகுத்தது. கச்சேரி வாசலிலே கோப்புடன் காத்து நின்ற பெண்ணுக்கு நேர்ந்ததை முன்னர் ஊரார் மானக்கேடு என்றனர். அதுவும் அவளுடைய மானக்கேடு என்று.