பொலிஸாகத் தகுதி ஆருக்கு? வட அயர்லாந்தின் பத்து வருடக் கணக்கு

பொலிஸ் ஆட்சேர்ப்பு வர்த்தமானி வந்தால் முதலில் எல்லாரும் பார்ப்பது தகைமைப் பகுதியைத்தான். வயது, உயரம், நெஞ்சளவு, ஓ.எல். பெறுபேறு. 'எனக்கு உயரம் காணுமோ?' என்பதோடு வாசிப்பு முடிந்துவிடும். ஆனால் ஒரு நாட்டின் பொலிஸ் ஆருடைய பொலிஸ் என்பது பாதி அந்தப் பட்டியலில்தான் முடிவாகிறது. மிச்சப் பாதி, பட்டியலில் எழுதாத தகைமைகளில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வட அயர்லாந்து நல்ல உதாரணம்.

இந்தப் பட்டியல் பழையது. 1829இல் இலண்டன் மாநகரப் பொலிஸ் தொடங்கும்போதே 35 வயதுக்குக் கீழ், 5 அடி 7 அங்குல உயரம், எழுத வாசிக்கத் தெரிதல், நன்னடத்தை என்று கேட்டார்கள். அயர்லாந்தில் பிரித்தானியா கட்டிய பொலிஸ் வேறு மாதிரியானது. துப்பாக்கி வைத்திருந்தது, பரக்ஸ்களில் இருந்தது. ஒருவர் தன் சொந்த மாவட்டத்தில் வேலை செய்ய முடியாது. மனைவியின் மாவட்டத்திலும் முடியாது. கீழ்மட்டப் பொலிஸாரில் பெரும்பான்மை கத்தோலிக்கர், அதிகாரிகளில் பெரும்பான்மை புரட்டஸ்தாந்தினர். ஊர்ச் சனத்தைக் கொண்டே ஊரை ஆளுவது, ஆனால் ஊரோடு ஒட்டவிடாமல் ஆளுவது. பேரரசின் மற்றக் குடியேற்ற நாடுகளுக்குப் போகும் பொலிஸ் அதிகாரிகளும் பிறகு டப்ளினில்தான் பயிற்சி எடுத்தார்கள். 'பொலிஸ் எண்டால் வெளியிலயிருந்து வாற ஆக்கள்' என்ற எண்ணம் எங்களுக்குப் பழகியதாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

அயர்லாந்து பிரிந்த பிறகு, 1922இல் வட அயர்லாந்துக்கு 'றோயல் அல்ஸ்டர் கொன்ஸ்டபியுலரி' என்ற புதிய பொலிஸ் உருவானது. மொத்தம் 3,000 பேர், அதில் மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கருக்கு என்று திட்டம் போட்டார்கள். அந்தப் பங்கு ஒருநாளும் நிரம்பவில்லை. 1920களில் ஐந்தில் ஒன்றை எட்டியதே உச்சம், பிறகு இறங்கிக்கொண்டே போனது. 1990களின் முடிவில், சனத்தொகையில் 40 வீதத்துக்கு மேல் கத்தோலிக்கர் வாழ்ந்த இடத்தில், பொலிஸில் அவர்கள் கிட்டத்தட்ட 8 வீதம் மட்டுமே.

கத்தோலிக்கர் விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்ப ஏன் அவர்கள் போகவில்லை?

எழுதாத தகைமைகள்தான் காரணம், அவை இரண்டு பக்கத்திலும் இருந்தன. அரசின் பக்கத்தில், முடிக்கும் புரட்டஸ்தாந்தப் பெரும்பான்மைக்கும் விசுவாசமான ஒரு பொலிஸ். அது தங்கள் ஊர்வலங்களை அடித்து, தங்கள் வீடுகளைச் சோதனை போட்டதைக் கத்தோலிக்கர் பார்த்திருந்தார்கள். மறுபக்கத்தில், பொலிஸில் சேர்ந்த கத்தோலிக்கர் துரோகி. ஐ.ஆர்.ஏ. அவரைத் தேடி வரும், ஊருக்குத் திரும்ப முடியாது. அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம், தன் 21ஆம் விதியின்படி, பொலிஸ்காரரை அங்கத்தவராகவே சேர்க்காது. ஒரு பொடியன் பொலிஸுக்குப் போனால் ஊர்க் கழகத்தில் பந்து விளையாடவும் ஏலாது.

மோதல் காலத்தில் இந்தப் பொலிஸில் 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1998இல் பெரிய வெள்ளி ஒப்பந்தம் வந்தது. பொலிஸை என்ன செய்வது என்று பார்க்க கிறிஸ் பற்றன் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைந்தது. 1999இல் அது 175 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதிகம் சண்டை பிடித்தவற்றில் ஒன்று இது: பத்து வருடத்துக்குப் புதிய ஆட்சேர்ப்பில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் மற்றவர்கள்.

இதைப் பலர் 'தகுதி குறைத்து ஆள் எடுக்கிறது' என்றார்கள். நடைமுறை அப்படியில்லை. எல்லா விண்ணப்பதாரரும் ஒரே பரீட்சை, ஒரே மருத்துவ, உடற்தகுதிச் சோதனை, ஒரே பின்னணி விசாரணை. சித்தியடைந்தவர்கள் எல்லாரும் ஒரு தொகுதிக்குள் வருவார்கள். அந்தத் தொகுதியிலிருந்துதான் சமபாதி எடுப்பார்கள். ஆளைத் தெரிவு செய்யும் வேலை பொலிஸின் கையிலிருந்து எடுக்கப்பட்டு வெளி நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டது.

ஆனாலும் இதில் நட்டப்பட்டவர்கள் உண்டு. சித்தியடைந்தும் இடம் கிடைக்காத புரட்டஸ்தாந்த இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் வழக்குப் போட்டுத் தோற்றார். ஐரோப்பிய ஒன்றியம் தன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்திலேயே இதற்காக வட அயர்லாந்துக்கு விதிவிலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய அநியாயத்தைத் திருத்தும் செலவை அதைச் செய்யாத ஒரு தலைமுறையும் கட்டியது. இதை மறைத்துவிட்டு இந்த முறையைப் புகழுவது நேர்மையில்லை.

சமபாதி மட்டும் தனியாக வரவில்லை என்பதுதான் முக்கியம். 2001 நவம்பரில் பொலிஸின் பெயர் மாறியது, பிறகு சின்னமும் மாறியது. பொலிஸுக்கு எதிரான முறைப்பாட்டைப் பொலிஸே விசாரிக்காமல், சுதந்திரமான முறைகேள் அதிகாரி வந்தார். பழையவர்களுக்குக் காசு கொடுத்து முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பி இடம் எடுத்தார்கள். பெயர் மாறிய அதே மாதம் கேலிக் விளையாட்டுச் சங்கம் 21ஆம் விதியை நீக்கியது. 2007இல் சின் ஃபெயின் கட்சியும் பொலிஸை ஏற்றுக்கொண்டது. 2011இல் சமபாதி முறையை நிறுத்தும்போது கத்தோலிக்கர் கிட்டத்தட்ட 30 வீதம்.

அது நின்று சில நாட்களில், 2011 ஏப்ரல் 2ஆம் தேதி, ரோனன் கெர் என்ற 25 வயதுக் கத்தோலிக்கக் கான்ஸ்டபிள் ஓமா நகரில் காருக்கடியில் வைத்த குண்டில் கொல்லப்பட்டார். அவருடைய பெட்டியை முதலில் கேலிக் கழகத்தவர்கள் தூக்கி, பிறகு பொலிஸாரின் தோளுக்கு மாற்றினார்கள். பத்து வருடத்துக்கு முதல் அந்தக் கழகம் அவரை அங்கத்தவராகவே வைத்திருக்க முடியாது. அதன் பிறகு வீதம் பெரிதாக ஏறவில்லை. மூன்றில் ஒன்றை அண்டியே நிற்கிறது.

இனி எங்கட பக்கம். 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழியானது. தமிழ் அரச மொழியென்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல், 13ஆம் திருத்தத்தோடு. அதே திருத்தம் மாகாணப் பொலிஸுக்கு மாகாண ஆணைக்குழுவே ஆள் சேர்க்கலாம் என்கிறது. தகைமையின் தரத்தைத் தேசிய ஆணைக்குழு தீர்மானிக்கும், அது எல்லா மாகாணத்துக்கும் ஒன்றாக இருக்கும். பொலிஸ் அதிகாரம் இன்றுவரை மாகாணங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் 24 மணிநேரமும் இருமொழி தெரிந்த அதிகாரி இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்றது. அப்படிப் பார்த்தால் மொழி, உயரத்தைவிட முக்கியமான தகைமை.

எழுதாத தகைமைகள் இங்கேயும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சித்திரவதை, காணாமல் போனவர்கள், கிடைக்காத நீதி ஒரு பக்கம். தமிழ்ப் பொலிஸ்காரரைத் துரோகி என்று சுட்டதும் எங்கட வரலாறுதான். 1978இல் கொல்லப்பட்ட பஸ்தியாம்பிள்ளை அதிகம் பேசப்பட்டவர், அவர் மட்டுமில்லை.

'தமிழ் இளைஞர் விண்ணப்பிக்கிறார்கள் இல்லை' என்று ஒவ்வொரு ஆட்சேர்ப்புக்குப் பிறகும் சொல்வது சுலபம். வட அயர்லாந்திலும் அப்படித்தான் கனகாலம் சொன்னார்கள். முறைப்பாட்டை ஆர் விசாரிப்பது, ஆளை ஆர் தெரிவு செய்வது என்பவை மாறிய பிறகுதான் விண்ணப்பங்கள் வந்தன. அடுத்த வர்த்தமானி வரும்போது உயரத்தையும் பாருங்கோ. அதோடு இந்த இரண்டும், எந்த மொழியில் வேலை நடக்கும் என்பதும் அதில் எங்கே இருக்கிறது என்றும் தேடிப் பாருங்கோ.