அம்மா மேல் விழுந்த பழியும் ஒரு கரப்பான் பூச்சியும்

1/
நைட் டியூட்டியில் வீசிங்கோடு வரும் குழந்தைக்கு நெபுலைசர் வைத்துவிட்டு, நாங்கள் பழக்கத்தில் சொல்லும் ஒரு வரி உண்டு: "வீட்டைக் கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கோங்கம்மா." நானும் சொல்லியிருக்கேன். ஒரு அம்மா பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னது எவ்வளவு தப்பு என்று ஒரு பழைய வரலாற்றைப் படித்தபோதுதான் புரிந்தது. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2/
கதை நடப்பது அமெரிக்காவில். போன நூற்றாண்டின் நடுவில் ஆஸ்துமாவை மனசு சம்பந்தப்பட்ட நோய்களில் ஒன்றாக வைத்திருந்தார்கள். வீசிங் என்பது அம்மாவுக்காக அழ நினைத்து உள்ளேயே அடக்கிய அழுகை என்றது சிகாகோவின் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் குழு.

3/
நியூயார்க்கில் முர்ரே பெஷ்கின் என்ற குழந்தைகள் அலர்ஜி மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கும் குழந்தைக்கு வீடு திரும்பியதும் மறுபடி இளைப்பு. பெற்றோரிடமிருந்தே பிரித்துவிடலாம் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பேரன்டெக்டமி'. குடல்வாலை எடுப்பது அப்பெண்டிசெக்டமி என்றால், இது பெற்றோரை எடுப்பது!

4/
டென்வர் நகரில் இருந்த இல்லத்துக்குக் குழந்தைகளை அனுப்பினார்கள். மாதக்கணக்கில் அங்கேயே வாசம். பலருக்கு இளைப்பு குறையவும் செய்தது.
மன அழுத்தம் ஆஸ்துமாவைக் கூட்டும், அது உண்மைதான். ஆனால் வீட்டைவிட்டு வந்த குழந்தை அம்மாவை மட்டுமா விட்டு வந்தது? அந்த வீட்டின் தூசியையும் சேர்த்துத்தானே!

5/
அதே இல்லம் பின்னாளில் ஆராய்ச்சி மருத்துவமனையாக வளர்ந்தது. 1966-ல் இஷிசாகா தம்பதியர் அலர்ஜிக்குக் காரணமான 'ஐஜிஇ' என்ற எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தது அங்கேதான். ஸ்வீடனிலும் ஒரு குழு தனியாக அதைக் கண்டது. பழி மனசிலிருந்து ரத்தத்துக்கு நகர்ந்தது.

6/
அதற்கு 2 வருஷம் முன்பே, 1964-ல், பெர்ன்டன், பிரவுன் என்ற இரு மருத்துவர்கள் கரப்பான் பூச்சிச் சாறை வைத்துத் தோல் பரிசோதனை செய்து, பலருக்கு அது தடிப்பதைக் காட்டியிருந்தார்கள். 1970-களில் பான் காங் என்ற மருத்துவரின் குழு அந்தச் சாறை நோயாளிகளை உள்ளிழுக்க வைத்துப் பார்த்தது. சிலருக்கு உடனே இளைப்பு, சிலருக்குச் சில மணி நேரம் கழித்து.

7/
உள்ளே என்ன நடக்குது?
கரப்பானின் எச்சம், எச்சில், உரித்த தோல் எல்லாம் காய்ந்து தூசியில் கலக்கும். பெருக்கும்போதும் படுக்கையை உதறும்போதும் மேலே கிளம்பும். அதில் உள்ள சில நொதிகள் மூச்சுக்குழாயின் உட்சுவரைச் சீண்டும். சுவர் அபாயச் சங்கு ஊதும். உடல் ஐஜிஇ தயாரித்து மாஸ்ட் செல்கள் மேல் ஒட்டி வைக்கும். அடுத்த முறை அதே தூசி வந்தால் மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமின் கொட்டும், குழாய் சுருங்கும். சில மணி நேரத்தில் ஈசினோபில்கள் வந்து சேரும். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து "ஈசினோபில் கூட இருக்கு" என்போமே, அதே செல்தான். வீக்கமும் சளியும் தங்கிவிடும்.

8/
பெரிய சாட்சி 1997-ல் வந்தது. அமெரிக்க நகரங்களின் ஏழ்மையான பகுதிகளில் 476 ஆஸ்துமா குழந்தைகளை ஆராய்ந்தார்கள். 36.8% பேருக்குக் கரப்பான் அலர்ஜி. பாதிப் படுக்கையறைகளின் தூசியில் அதன் அளவு அதிகம். அலர்ஜியும் இருந்து தூசியும் அதிகமாக இருந்த குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்வது 3.4 மடங்கு கூடுதல்.
அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. அந்தக் குழந்தைகளை வளர்ப்பவர்கள்தான் ராத்திரியில் அதிகமாகக் கண் விழித்தார்கள். ஒரு காலத்தில் யாரைக் குற்றவாளி என்றோமோ, அவர்கள்!

9/
சரி, சுத்தம் இல்லாததுதானே காரணம்? அவ்வளவு சுலபம் இல்லைங்க. நெருக்கமான குடியிருப்பில் கரப்பான் பக்கத்து வீட்டிலிருந்து குழாய் வழியாக, சுவர் விரிசல் வழியாக வரும். ஒரு தாய் எத்தனை முறை துடைத்தாலும் அந்த விரிசலை அடைக்க வேண்டியவர் கட்டடத்தின் சொந்தக்காரர்.

10/
நல்ல செய்தி 2017-ல். நியூ ஆர்லியன்ஸில் ஆஸ்துமா உள்ள 102 குழந்தைகள். ஒரு பாதியினரின் வீடுகளில் மட்டும் கரப்பானுக்கு விஷ இரை வைத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வருஷத்தில் தொந்தரவு இருந்த நாட்கள் கிட்டத்தட்ட 50 குறைந்தன.

11/
நாம் செய்யக்கூடியது:
• ஸ்ப்ரே அடிக்காதீங்க, அந்த வாசமே இளைப்பைக் கிளப்பும். ஜெல் மருந்தைக் குழந்தைக்கு எட்டாத மூலைகளில் வைங்க.
• குழாய் ஓட்டைகளை அடைங்க. சிங்க்கில் ராத்திரி எச்சில் பாத்திரம் வேண்டாம்.
• கரப்பான் செத்தாலும் தூசி மாதக்கணக்கில் இருக்கும். ஈரத் துணியால் துடைங்க, படுக்கை விரிப்பைத் துவைங்க.
• டாக்டர் சொல்லாமல் இன்ஹேலரை நிறுத்தாதீங்க.

12/
இப்பல்லாம் நான் அம்மாக்களிடம் முதலில் கேட்பது வேறு: "வீட்டுல கரப்பான் வருதாம்மா? எந்தப் பக்கமிருந்து வருது?"
தலையைக் குனியாமல் பதில் சொல்றாங்க.